மெருகும் சேதாரமும்

'மெருகேற்றுதல்' என்ற சொல்லில் ஒரு பொய் இருக்கிறது. ஏற்றுவது என்றால் இல்லாத ஒன்றை மேலே கொண்டு வைப்பது. பாரம் ஏற்றுகிறோம், சாயம் ஏற்றுகிறோம். மெருகையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டோம். ஆனால் கல்லோ உலோகமோ மரமோ, தேய்க்கும்போது அதன்மேல் எதுவும் ஏறுவதில்லை. அதிலிருந்து கொஞ்சம் இறங்குகிறது. மேடுகள் குறைந்து பரப்பு சமமாக, அங்குமிங்கும் சிதறிக்கொண்டிருந்த ஒளி ஒழுங்காகத் திரும்புகிறது. பளபளப்பு என்று நாம் சொல்வது, ஒரு பொருள் இழந்தது போக மீந்த பரப்பைத்தான்.

பொன் வேலை செய்கிறவர்களிடம் இந்தப் பொய் கிடையாது. அவர்கள் ரசீதில் செய்கூலிக்குப் பக்கத்தில் சேதாரம் என்று ஒரு வரி உண்டு. அராவும்போதும் மெருகிடும்போதும் போகிற பொன்னுக்கு ஒரு பெயரும் ஒரு நிறையும் வைத்திருக்கிறார்கள். இன்றைய கடைகள் அந்த வரியை லாபத்தின் இன்னொரு பெயராக்கிக்கொண்டது வேறு சமாச்சாரம். மற்ற மெருகுகளுக்கு ரசீதே கிடையாது.

நான் பேச வந்தது கார் பெயிண்டை வீட்டில் பாலிஷ் செய்வதைப் பற்றி. இலக்கியப் பத்திரிகையில் இது எதற்கு என்று கேட்பார்கள். எழுத்தைத் திருத்துவது பற்றியும் விமர்சனம் செய்வது பற்றியும் நாம் நிறையப் பேசிவிட்டோம். அங்கே என்ன போகிறது, என்ன வருகிறது என்பதை நிறுத்துப் பார்க்க முடிவதில்லை. இங்கே துணியைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது.

இப்போதைய கார்களில் தகட்டின் மேல் அடிப்பூச்சு, அதன் மேல் நிறம், நிறத்தின் மேல் நிறமற்ற ஒரு தெளிபூச்சு. எல்லாம் சேர்ந்து சுமார் 100லிருந்து 150 மைக்ரான் கனம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தெளிபூச்சு மட்டும் 40 அல்லது 50 மைக்ரான், தலைமயிரைவிட மெல்லியது. மழையும் வெயிலும் பறவை எச்சமும் முதலில் விழுவது அதன் மேல்தான். பாலிஷ் என்ற பெயரில் டப்பாவில் வருகிற களிம்பில் அலுமினியம் ஆக்ஸைடு போன்ற கெட்டியான பொடி கலந்திருக்கிறது. ஆக அது ஒரு நாசூக்கான உப்புத்தாள். அதைக் கொண்டு ஒரு கீறலைப் போக்குகிறோம் என்கிறோம். கீறல் ஒரு பள்ளம். பள்ளத்தை எப்படிப் போக்குவது? அதைச் சுற்றியுள்ள நல்ல பரப்பையெல்லாம் பள்ளத்தின் அடிவரைக்கும் இறக்குகிறோம். ஒரு கீறலுக்காக, கீறல் படாத இடம் முழுவதும் விலை கொடுக்கிறது.

கீறல்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. தெருவில் யாரோ உரசிவிட்டுப் போனது அவற்றில் சொற்பம். பெரும்பாலானவை துடைப்பதால் வந்தவை. தூசியில் நுண்மணல் இருக்கிறது. துணி அதை இழுத்துக்கொண்டு போகிறது. வெயிலில் வண்டியைப் பார்த்தால் சூரியனின் பிம்பத்தைச் சுற்றி சிலந்திவலை போல வட்டம் வட்டமாக இழைகள் தெரியும். உண்மையில் அவை வட்டங்கள் அல்ல. கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன; ஒளி வரும் திசைக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் மின்னுகின்றன. நீங்கள் நகர்ந்தால் வட்டமும் உங்களோடு நகரும். பார்க்கிறவன் எங்கே நிற்கிறானோ அங்கே குறைக்கு ஒரு மையம் அமைந்துவிடுகிறது. விமர்சகர்கள் இதைச் சற்று யோசித்துப் பார்க்கலாம்.

2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டபோது, எங்கள் குடியிருப்பில் வண்டி கழுவக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். விடியற்காலையில் வந்து பத்துப் பன்னிரண்டு கார்களைத் துடைத்துவிட்டுப் போகிற ஒருவர் இருந்தார். அரை வாளித் தண்ணீரில் எல்லா வண்டியையும் முடிக்க வேண்டியதாயிற்று. அந்த வருஷம் எல்லா வண்டிகளிலும் வலை விழுந்தது. அவர்மேல் புகார் வந்தது. "துணி என்ன சார் பண்ணும், மண்ணு போக தண்ணி ஓடணும்" என்றார் என்னிடம். இதில் முழு விஞ்ஞானமும் இருக்கிறது. பளபளப்பு சொந்தக்காரனுடையது, கீறல் துடைத்தவனுடையது என்றுதான் எங்கள் குடியிருப்பு கணக்கு எழுதியது. தண்ணீர் இல்லாதபோதும் தினம் துடைத்தே ஆக வேண்டும் என்று கேட்டது யார் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

ஆக, துடைப்பதால் கீறல். கீறலைப் போக்கப் பாலிஷ். பாலிஷால் பூச்சு மெலிவு. மெலிந்த பூச்சை வெயில் சீக்கிரம் தின்கிறது. ஒவ்வொரு படியிலும் இருப்பது அக்கறைதான். அசிரத்தையால் மட்டுமே பொருள்கள் அழிகின்றன என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அக்கறையாலும் அழிகின்றன. என் பாட்டியின் பித்தளைத் தவலை ஒன்று வீட்டில் இருக்கிறது. பாத்திரக் கடையில் புள்ளி புள்ளியாக அவள் பெயரை வெட்டிக் கொடுத்திருந்தார்கள். ஐம்பது வருஷம் புளியும் சாம்பலும் போட்டு அவளே தேய்த்தாள். இப்போது பெயரைக் கண்ணால் படிக்க முடியாது. விரலால் தடவினால் இரண்டு எழுத்து தட்டுப்படும். அவளிடம் இதைத் தவறு என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. சமைத்த பாத்திரத்தைத் தேய்க்காமல் எப்படி? அங்கே தேய்மானம் உபயோகத்தின் விலை. கார் பெயிண்டில் அந்தச் சமாதானம் இல்லை. தகட்டைத் துருவிலிருந்து காப்பதற்குப் பெயிண்ட் இருந்தால் போதும். அது மின்ன வேண்டிய அவசியமில்லை. மின்ன வைப்பதற்காகக் காப்பதைக் குறைக்கிறோம்.

வாக்ஸ் விஷயம் வேறு. நல்ல வாக்ஸில் சேர்கிற கார்னோபா மெழுகு, வடகிழக்கு பிரேசிலின் வறண்ட நிலத்தில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து வருகிறது. கோடையில் ஈரம் ஆவியாகிப் போய்விடாமலிருக்க அந்த மரம் தன் ஓலையின் மேல் தானே சுரந்துகொள்வது அது. ஓலையை வெட்டி, உலர்த்தி, அடித்து, பொடியாக உதிர்வதை உருக்கி எடுக்கிறார்கள். 80 டிகிரி செல்சியஸைத் தாண்டித்தான் உருகும் என்பதால் நம் வெயிலில் நிற்கிற பானெட்டின் மேலும் தாக்குப்பிடிக்கிறது. ஒரு மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்ததைக் கடன் வாங்கி இன்னொரு பொருளின்மேல் பூசுகிறோம். சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில், அது தேய்ந்து போய்விடுகிறது. அதன் காரியமே தேய்ந்து போவதுதான். பாலிஷ் பொருளைச் செலவழிக்கிறது. வாக்ஸ் தன்னைச் செலவழிக்கிறது.

ஆனால் நம் நவீன மனசு பாலிஷின் கட்சி. வாக்ஸ் கீறலை நிரப்பி மறைக்கிறது, அது ஒப்பனை. பாலிஷ் அகற்றுகிறது, அது உண்மை. வேண்டாததை நீக்கு, மேற்பூச்சைச் சுரண்டு, அடியில் இருப்பதுதான் நிஜம் என்ற நம்பிக்கையில் ஒரு தலைமுறை எழுதியது. 1947இல் லண்டன் நேஷனல் கேலரி, தான் சுத்தம் செய்த ஓவியங்களை ஒரு கண்காட்சியாகவே வைத்தது. பழுப்பேறிய வார்னிஷை எடுத்தால் ஓவியனின் அசல் நிறம் வெளிவரும் என்றது ஒரு தரப்பு. வார்னிஷோடு சேர்ந்து ஓவியன் கடைசியாகப் பூசிய மெல்லிய நிறப்படலங்களும் போய்விட்டன என்றது மறு தரப்பு. நம் ஊரில் விவாதம்கூட இல்லாமல் காரியம் நடந்தது. கோயில் திருப்பணி என்று மணலை அழுத்தத்தோடு பீய்ச்சியடித்து எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் எடுத்தார்கள். கல் வெளுத்தது, கல்வெட்டுகளும் சிற்பங்களின் முகங்களும் மழுங்கின. அடியில் இருக்கும் நிஜத்தைத் தேடிப் போனவர்கள், நிஜம் மேற்பரப்பிலேயே ஒரு நூலளவு கனத்தில் இருந்ததைக் கவனிக்கவில்லை.

இதற்கு எதிர்வாதம் இருக்கிறது, அது பலமானது. அப்படியானால் தொடாமலே விட்டுவிடுவதா? தொடாமல் விட்ட பெயிண்ட் வெயிலில் வெளுத்து, சுண்ணாம்புபோல் விரலில் ஒட்ட ஆரம்பிக்கிறது. சும்மா விடுவதிலும் சேதாரம் உண்டு. கையைக் கட்டிக்கொண்டு நிற்பவன் நிரபராதி இல்லை. ஆகையால் தேய்ப்பதா வேண்டாமா என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. போகிறது எவ்வளவு, யாருக்காகப் போகிறது, இன்னும் எத்தனை தடவைக்குத் தாங்கும் என்றுதான் கேட்க முடியும்.

என்னிடம் இருப்பது அப்பா விட்டுப்போன 1984ஆம் வருஷத்து பிரீமியர் பத்மினி. தெளிபூச்சு இல்லாத பழைய பெயிண்ட். நாலைந்து தடவை துணியை இழுத்தால் துணி கரும்பச்சையாகிவிடுகிறது. புதிய கார்களில் இந்தச் சாட்சியம் கிடைக்காது. நிறமற்ற பூச்சு நிறமில்லாமலேயே போகிறது. பச்சையான துணியைப் பார்த்த பிறகு அதே வேகத்தில் கை ஓடுவதில்லை. கூரையும் பானெட்டும் வெளுத்துக்கொண்டிருந்தன. அவற்றை ஒரு தடவை, பாலிஷ் போட்டு, மட்டாகத் தேய்த்தேன். தகட்டின் மடிப்பு முனைகளில் பெயிண்ட் எப்போதும் மெல்லியதாக இருக்கும். அங்கெல்லாம் பட்டை ஒட்டி மறைத்துக்கொண்டேன். பிறகு வண்டி முழுவதும் வாக்ஸ்.

டிரைவர் பக்கத்துக் கதவில் சாவித் துளையைச் சுற்றி ஒரு கை அகலத்துக்குக் கீறல்கள் இருக்கின்றன. முப்பது வருஷம் அப்பாவின் சாவிக்கொத்து இருட்டில் துளையைத் தேடிய இடம். "இதையும் எடுத்துட்டா புது வண்டி மாதிரி ஆயிடும் சார்" என்றார் பெயிண்ட் கடைக்காரர். எடுத்துவிடலாம்தான். அதற்கு அந்தக் கீறல்கள் எவ்வளவு ஆழமோ அவ்வளவு பெயிண்டைக் கதவிலிருந்து இறக்க வேண்டும். அங்கே வாக்ஸை மட்டும் பூசிவிட்டு வந்தேன். இதில் பாசத்துக்கு எவ்வளவு பங்கு, கணக்குக்கு எவ்வளவு பங்கு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பிரித்துப் பார்க்கவும் ஒரு தேய்ப்பு வேண்டியிருக்கும்.

ஒரு கவிதையைப் பத்தாவது தடவை திருத்துகிறவனின் கையில் துணி எதுவும் இல்லை. போனது என்ன நிறம் என்று அவனுக்குத் தெரிவதில்லை. பழைய பிரதிகளைக் கிழித்துப் போடாமல் வைத்திருப்பது ஒன்றுதான் அவனுக்கு இருக்கிற ரசீது. அவ்வப்போது அதை எடுத்து, சேதாரம் என்ற வரியில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பது நல்லது.