முடியாத வேலையைக் காட்டலாமா?

ஒரு வேலை முடியுமுன் அதனைப் பிறர் கண்ணில் படவிடுதல் தகுமா? பானையில் கொதித்துக்கொண்டிருப்பதை விருந்தினர்க்குத் திறந்து காட்டுவாரில்லை. பாதி நெய்த பாயை விலை பேசுவாருமில்லை. முடிந்தபின் காட்டுவதே முறை என்று நாம் வளர்க்கப்பட்டோம். அரபு நூலோர் இதற்கு இரு சொற்களையே வைத்திருந்தனர். அடித்தும் திருத்தியும் மை படிந்து போன முதற்படி ‘முஸவ்வதா’, அதாவது கறுத்தது. பிழை நீக்கித் தெளிவுற எழுதிய படி ‘முபய்யளா’, வெளுத்தது. வெளுத்தது மாணவர் கைக்குச் செல்லும். கறுத்தது பெரும்பாலும் ஆசிரியரின் பேழைக்குள்ளேயே உறங்கிவிடும்.

கறுத்த படியைக் கூச்சமின்றிப் பலரறியக் காட்டுவதைத் தம் வழக்கமாகவே கொண்ட ஒரு கூட்டத்தார் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உள்ளனர். அவர்கள் அறிஞர்களோ கவிஞர்களோ அல்லர். ஓய்வு வேளையில் சிற்றுருவ இரயில் பாதைகளை அமைப்பவர்கள். அலுவலர், தச்சர், மருத்துவர் எனப் பலரும் அவருள் உண்டு. 87-இல் ஒரு பங்கு என்னும் அளவே உலகில் மிகுதியாக வழங்குவது. அவ்வளவில் 26 மீட்டர் நீளமுள்ள பயணப் பெட்டி 30 சென்டிமீட்டராகச் சுருங்குகின்றது. ஒரு கிலோமீட்டர் பாதையை மெய்யாகவே அமைக்க வேண்டின் பதினொன்றரை மீட்டர் நீளமுள்ள அறை வேண்டும். ஆகவே எதை விடுவது, எதை வைப்பது என்னும் தேர்விலேயே ஆண்டுகள் கழிகின்றன. மலை, பாலம், கைகாட்டி, தண்டவாளத்தின் அடியில் சரளை, நிலையத்துச் சுவரில் படிந்த புகைக்கறை ஆகிய யாவும் கையால் ஆகவேண்டியவை.

இவர்கள் ஒன்றுகூடத் தொடங்கி நூறாண்டுக்கு மேலாகின்றது. இலண்டனில் 1910-இல் ஒரு சங்கம் தோன்றிற்று. அமெரிக்காவில் 1934-இல் ‘மாடல் ரயில்ரோடர்’ என்னும் இதழும், அடுத்த ஆண்டே நாடு தழுவிய சங்கமும் பிறந்தன. அச்சங்கத்தின் முதற் கவலை அளவு பற்றியது. ஒருவர் செய்த சக்கரம் மற்றொருவர் தண்டவாளத்தில் ஓடவில்லை. பொது அளவின்றிப் பகிர்தல் ஏது? பின்னர், 1970-களில், கலிபோர்னியாவில் இன்னும் அழகியதொரு முறை வகுக்கப்பட்டது. ஒவ்வொருவரும் தம் வீட்டில் ஒரு பலகையளவு நிலக்காட்சியை அமைத்துக் கொணர்வர். அவற்றைக் கூடத்தில் வரிசையாகப் பூட்டினால் நெடிய பாதையாகும். பலகையின் இரு விளிம்புகளிலும் மூன்று தண்டவாளங்கள் குறித்த இடத்திலேயே வந்து முடிதல் வேண்டும். இடைப்பட்ட நிலம் அவரவர் விருப்பம். ஒருவர் பலகையில் மலை முற்றுப்பெற்றிருக்கும். அடுத்தவரதில் வெறும் மரம் தெரியும். இரண்டின் மீதும் வண்டி ஓடும்.

வளர்ந்த ஆடவர் பொம்மை வண்டிக்காகப் பணத்தையும் பொழுதையும் செலவிடுவதா என்று வாசகர் கேட்பர். நியாயமான கேள்வியே. அரபியில் ‘லஇப்’ என்றால் விளையாட்டு. ‘லஹ்வு’ என்றால் செய்யவேண்டியதை மறக்கச் செய்யும் ஈடுபாடு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவது பிழை. மனைவி மக்களுக்குரிய பொழுதையும் பொருளையும் உண்டு வளரும் இரயில் பாதை லஹ்வு என்பதில் ஐயமில்லை. அது எத்துணை அழகாயிருந்தும் என்ன? அவ்வாறின்றி ஓய்வுக்குள் அடங்கி நிற்பது விளையாட்டு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர் 1946-இல் தொடங்கிய இரயில் சங்கத்திலிருந்தே கணிப்பொறி வல்லுநர் தலைமுறை ஒன்று கிளைத்தது என்பதைச் சுட்டி இதற்கு வக்காலத்து வாங்குவோர் உண்டு. செய்தி உண்மையே. ஆனால் பின்விளைந்த பயனைக் காட்டி விளையாட்டைக் காப்பாற்ற நாம் விரும்பவில்லை. பயன் விளையாத ஆயிரம் சங்கங்களை அப்போது என் செய்வது?

நம்மை ஈர்ப்பது அவர்கள் காட்டும் செயலே. காட்டுவது என்றவுடன் முகஸ்துதி என்னும் சொல் நம் நாவில் வந்து நிற்கும். முடிந்த பொருளைக் காட்டுபவர்க்கு அவ்வச்சம் மிகப் பொருந்தும். அதன் முன் நிற்பவர்க்குப் புகழ்வதன்றி வேறு வேலையில்லை. பூசப்படாத மலையையும், வண்டி தடம்புரளும் வளைவையும் காட்டுபவரோ ஒரு கதவைத் திறந்து வைக்கின்றார். “வளைவின் ஆரம் போதாது, பாதையைப் பெயர்த்து மீண்டும் இடுக” என்று சொல்ல மற்றவருக்கு இடமுண்டு. அவ்விடத்தைத் தருவது எளிதன்று. மூன்று மாத உழைப்பைப் பிறர் ஒரு சொல்லால் பெயர்க்க ஒப்புவதாகும். ஆயினும் குறையைக் காட்டுவதிலும் நுட்பமான முகஸ்துதி உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. “எத்துணை அடக்கம்!” என்று பிறர் வியப்பதற்காகவே கறுத்த படியை விரிப்பாரும் உளர். இருவரையும் பிரித்தறிவது எங்ஙனம்? அடுத்த மாதம் வளைவைப் பார்த்தால் போதும். பாதை பெயர்க்கப்பட்டிருக்கின்றதா, இல்லையா?

குறையோடு கூடி வாழ்தலுக்கு இவர்களிடையே விந்தையான சான்று ஒன்றுண்டு. பிரிட்டனில் பெருவழக்கான அளவு 76.2-இல் ஒரு பங்கு. மெய்யான தண்டவாள அகலம் 1435 மில்லிமீட்டர் ஆதலின் சிற்றுருவில் 18.83 வரவேண்டும். வழங்குவதோ 16.5. பிரிட்டிஷ் எஞ்சின்கள் உருவிற் சிறியன. அக்காலத்து மோட்டார் 87-இல் ஒரு பங்கு உடலுக்குள் அடங்கவில்லை. எனவே உடலைப் பெரிதாக்கிப் பாதையை மட்டும் பழைய அகலத்திலேயே விட்டனர். 1960-களில் சிலர் இப்பிழையைப் பொறாது சரியான 18.83-க்கு மாறினர். மாறியவர்க்குக் கடையில் பொருளில்லை, அயலார் பாதையில் வண்டி ஓடவில்லை. நேர்மைக்கு அவர்கள் கொடுத்த விலை தனிமை. மற்றவரைப் பொய்யர் என்பதா? எல்லாரும் அறிந்து ஒப்புக்கொண்ட குறை ஏமாற்று ஆகாது என்றே நாம் கருதுகின்றோம். எனினும் அச்சிலர்மீது நமக்கு மதிப்பு மிகுதி.

கலிபோர்னியாவின் மான்டெரே நகரில் ஜான் ஆலன் என்பவர் தம் இல்லத்தில் 1950-களில் தொடங்கி அமைத்துவந்த பாதை புகழ்பெற்றது. அதற்கு அவர் சூட்டிய பெயரை வாய்விட்டுச் சொன்னால் ‘குருதி படிந்து தோற்றது’ என்று ஆங்கிலத்தில் ஒலிக்கும்; வேடிக்கையாகவே வைத்தார். 1973 சனவரியில் அவர் மறைந்தார். பத்தே நாளில் வீட்டில் தீப்பற்றி அப்பாதையின் பெரும்பகுதி அழிந்தது. கதவடைத்து, முடிந்தபின் காட்டலாம் என்று அவர் காத்திருந்தால் இன்று நமக்கு அப்பெயரும் தெரியாது. நிழற்படக் கலையில் தேர்ந்த அவர் வேலை நடக்க நடக்கவே படமும் கட்டுரையுமாக இதழ்களுக்கு அளித்துவந்தார். அவற்றைக் கண்டு கற்றோர் தத்தம் வீடுகளில் மலைகளை எழுப்பினர். பொருள் வெந்தது, பகிர்ந்தது வேகவில்லை.

அண்மையில் நிகழ்ந்தது இன்னும் கொடிது. 2019 மே மாதம் இங்கிலாந்தின் ஸ்டாம்ஃபோர்டு நகரப் பள்ளியொன்றில் மார்க்கெட் டீப்பிங் சங்கத்தார் கண்காட்சிக்காகத் தம் பாதைகளைப் பரப்பிவைத்தனர். இரவில் நான்கு சிறுவர் புகுந்து அவற்றை மிதித்து நொறுக்கினர். காலையில் கண்டது பல ஆண்டு உழைப்பின் துண்டுகள். சங்கத்தார் பொதுமக்களிடம் 500 பவுண்டு வேண்டினர்; வந்ததோ ஒரு இலட்சத்துக்கும் மேல். இருபதாண்டுக்கு மேல் தாமே ஒரு பாதையை அமைத்துவந்த பாடகர் ராட் ஸ்டூவர்ட் மட்டும் 10,000 பவுண்டு அளித்தார். ஏன் இத்துணைத் துயரம்? விற்பனைக்குரிய பொருள் உடைந்திருந்தால் ஈட்டுத்தொகையோடு பேச்சு முடிந்திருக்கும். ஒரு வேலி அமைக்க எத்தனை மாலைகள் ஆகும் என்பதைத் தம் கைகளால் அறிந்தவர் பலர் நாடெங்கும் இருந்தனர்.

1910-இல் தோன்றிய அந்த இலண்டன் சங்கத்தார் 1980-களில் ‘கோபன்ஹேகன் ஃபீல்ட்ஸ்’ என்னும் பாதையைத் தொடங்கினர். இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்து வட இலண்டனை, ஓரடிக்கு இரண்டு மில்லிமீட்டராக அமைக்கும் முயற்சி அது. வளர்ந்துகொண்டிருக்கும் நிலையிலேயே அதைக் கண்காட்சிகளுக்குக் கொண்டுசென்று பரப்பிவந்துள்ளனர். கட்டி முடித்த தெருவும், இன்னும் வீடு எழாத மூலையும் பார்ப்போர்க்கு ஒருங்கே தெரிந்தன. ஒருவர் விட்ட இடம் எதுவென்று அடுத்து வருபவர் எவரிடமும் கேட்க வேண்டியதில்லை.