மணமகள் ஒப்பமிடும் இடம்

யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் ராத்தாவின் மகளுக்கு நிக்காஹ். ஆண்கள் பக்கத்தில் மாப்பிள்ளையும் மச்சானும் பதிவுகாரருக்கு முன்னால் சம்மணமிட்டிருந்தார்கள். எத்தனை சஹன் சாப்பாடு வேண்டும் என்று கேட்கப் பெண்கள் பக்கம் போனேன். அங்கே ஒரு டீவியில் எல்லாம் நேரடியாக ஓடிக்கொண்டிருந்தது. வீடியோக்காரப் பொடியன் வயர் இழுத்துக் கொடுத்திருந்தான். மணப்பெண் தன் கலியாணத்தை டீவியில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாப்பாவான மச்சான், பெண்ணின் காப்பாளராக, அதாவது வலியாக, ஒப்பமிட்டார். மாப்பிள்ளை ஒப்பமிட்டார். சாட்சிகளும் எழுதினார்கள். புத்தகத்தை மூடினார்கள்.

"ஏன் தம்பி, எங்கட பிள்ளை எழுதுற இடம் எங்க?" என்றாள் ராத்தா.

அப்படி ஓர் இடமில்லை. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மாப்பிள்ளையிடமும் வலியிடமும் ஒப்பம் கேட்கும்; பெண்ணிடம் கேட்காது. உள்ளறையில் சம்மதமா என்று கேட்பார்கள், அவள் தலை குனிவாள், அவ்வளவுதான். இத்தனைக்கும் இதே சட்டம் கைக்கூலி விஷயத்தில் கறாரானது. பெண் வீட்டார் மாப்பிள்ளை கையில் கொடுக்கும் அந்தக் கைக்கூலி பெண்ணின் உபயோகத்துக்கான காசுதான்; பிணக்கு வந்தால் முஸ்லிம் விவாக நீதிபதியான காதியாரிடம் கேட்டு மீட்கலாம். காசு அவளுடையது என்று ஒத்துக்கொண்டவர்களுக்குப் பேனையைக் கொடுக்க மட்டும் மனம் வரவில்லை. இந்தச் சட்டத்தின் திருத்தங்களை ஆராய நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் குழு அமைத்தார்கள். அறிக்கை வந்தது 2018இல், அதுவும் குழு இரண்டுபட்டு.

இதைச் சொல்லும்போது எங்களுடைய தமிழ் நண்பர்கள் சிலர் உச்சுக் கொட்டுவார்கள். அவர்களுக்கு எங்கள் கலியாணம் சினிமாவில் பார்த்த கலியாணம். 'பாவ மன்னிப்பு' வந்தது 1961இல். அதில் சிவாஜியின் ரஹீமைப் பார்த்து என் வாப்பா உருகிப் போனாராம். ஆனால் அந்த ரஹீம் பிறப்பால் இந்து. முஸ்லிம் வீட்டில் வளர்ந்தவன், அவ்வளவே. 1995இல் வந்த 'பம்பாய்' படத்தில் ஷைலா பானுவின் முகத்திரையைக் காற்று விலக்குகிறது, நாயகன் மயங்குகிறான். வீட்டை விட்டு வந்து அவனைக் கட்டிக்கொள்கிறாள். எங்கள் தெருவுக்குள்ளேயே, வாப்பாவோடு வாதாடி, உம்மாவைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு தன் விருப்பத்தைச் சாதிக்கிற பெண்பிள்ளை திரைக்கு வரக் காணோம். அப்படிப்பட்டவளோடுதான் நான் வளர்ந்தேன்.

ராத்தாவைத்தான் சொல்கிறேன். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களான எங்களை ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது அவளுக்குப் பதினாறு வயது. அகதியாகப் போய்ச் சேர்ந்த புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலுக்குள் அவளுக்குக் கலியாணம். வாப்பா முதலில் பேசிய மாப்பிள்ளையை வேண்டாம் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். மச்சான் அவள் சொன்ன ஆள். பதிவுப் புத்தகத்தில் இதெல்லாம் இல்லை. அதில் வாப்பாவின் ஒப்பம்தான் இருக்கிறது.

அந்த வெளியேற்றத்தை ஓரளவு நினைவுபடுத்திய படம் பிரசன்ன விதானகேயின் 'இர மெதியம' (2003). புலிகள் துரத்தும் முஸ்லிம் குடும்பத்துச் சிறுவன் தன் நாயை எப்படியாவது கூட்டிப்போகப் பார்க்கிறான். அவன் ஒரு சமூகத்துக்காகப் பேசவில்லை. நல்ல முஸ்லிம் என்று யாருக்கும் நிரூபிக்கவில்லை. நாய், நாய் என்கிறான். ராத்தா அதைப் பார்த்துவிட்டு, விட்டுவந்த எங்கள் ஆட்டைப் பற்றி ஒரு கிழமை பேசினாள்.

எங்களை யாரும் காட்டவில்லை என்று குறைப்பட முடியாது. சினிமா காட்டியது. சட்டம் பேசியது. புலிகள் இயக்கம் எங்களுக்கும் சேர்த்தே முடிவெடுத்தது. ஒவ்வொன்றும் வலியாக நின்று எங்களுக்காக ஒப்பமிட்டது. அதையே நாங்கள் எங்கள் பிள்ளைகளுக்குச் செய்கிறோம் என்பதை அந்த டீவிக்கு முன்னால் நின்றபோதுதான் கண்டேன். சினிமாவைத் திட்டிக் கட்டுரை எழுதுகிற என்னை, "உன்ர மகளுக்கு நீதானே வலி?" என்று ராத்தா கேட்டாள்.

பதிவுகாரர் பேனையை மறந்துவிட்டுப் போயிருந்தார். ராத்தா என்னை அனுப்பி அதை எடுப்பித்தாள். மருதோன்றி சிவந்த கையால் மருமகள் அழைப்பிதழின் பின்பக்கத்தில் தன் பெயரை முழுதாக எழுதி, கீழே திகதியும் போட்டாள். வீடியோவில் அது இல்லை. பொடியன் அந்நேரம் சாப்பிடப் போயிருந்தான்.