ஸ்பை-கிளாஸ் விடுதியின் சிவப்புத் திரைகள்

ஸ்டீவன்சனின் ‘டிரெஷர் ஐலண்ட்’ (1883) நாவலைச் சிறுவர்களுக்கென்று ஒதுக்கிவிட்டதில் நாம் கவனிக்காமல் போன இடம் ஒன்று: பிரிஸ்டல் துறைமுகத்தில் லாங் ஜான் சில்வர் நடத்தும் ‘ஸ்பை-கிளாஸ்’ என்ற சிறிய மதுவிடுதி. புதிதாக வர்ணமடித்த பெயர்ப்பலகை, ஜன்னல்களில் சிவப்புத் திரை, சுத்தமாக மணல் தூவிய தரை. ஒற்றைக்கால் கடலோடியைப் பற்றி ஏற்கெனவே எச்சரிக்கப்பட்டவன் ஜிம். இருந்தும், இவ்வளவு சுத்தமான, சிரித்த முகமுள்ள கடைக்காரன் கொள்ளைக்காரனாக இருக்க முடியாது என்று முடிவு செய்கிறான். நிலப்பிரபு டிரெலானி தரும் சான்று இன்னும் கெட்டியானது. சில்வருக்கு வங்கிக் கணக்கு உண்டு. இருப்புக்கு மேல் ஒருமுறைகூட எடுத்ததில்லை. (கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து பிழைக்கிற எங்களுக்கு இது உறுத்தும். நாங்களும் இதைப் பார்த்துத்தான் ஆளை எடைபோடுகிறோம்.)

இதை வேஷம் என்று சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆனால் வேஷமில்லை. கப்பலில் ஆப்பிள் பீப்பாய்க்குள்ளிருந்து ஜிம் ஒட்டுக்கேட்கும் பேச்சில், சில்வர் கொள்ளைக்கு ஆள் சேர்க்கிறான். அப்போதும் அவன் பேசுவது சிக்கனத்தைத்தான். ஒரு கேப்டனிடம் 900, இன்னொருவனிடம் 2000 சேர்த்தது. சந்தேகம் வராமல் இடத்துக்குக் கொஞ்சமாகப் பிரித்து வைத்தது. கூட்டாளி பியூ ஒரே வருஷத்தில் 1200 பவுனைத் தொலைத்துவிட்டுப் பிச்சையெடுத்தான். சில்வரின் நிதானம் அசலானது. கொலையும் அதே நிதானத்தோடு செய்கிறான். அப்படியானால் நாம் கண்ணியம் என்று மதிக்கும் இந்தக் குணங்கள் எதற்குச் சாட்சி?

நாவலில் இன்னொரு விடுதி உண்டு, ஜிம்மின் பெற்றோருடையது. தங்கிய பாக்கியைத் தராமலே செத்துப்போன கப்பல்காரனின் பெட்டியைத் திறந்து, அவன் தாய் தனக்குச் சேரவேண்டியதை எண்ணுகிறாள். பெட்டியில் பல தேசத்து நாணயங்கள், அவளுக்குக் கணக்குப் பார்க்கத் தெரிந்தது கினியில் மட்டும், கினிகளோ கொஞ்சம். வெளியே குருடனின் தடி தட்டும் சத்தம். ஒரு காசு கூட எடுக்கமாட்டாள், குறையவும் எடுக்கமாட்டாள். மகன் அவளுடைய நேர்மையையும் பேராசையையும் ஒரே மூச்சில் நொந்துகொள்கிறான். இரண்டையும் பிரித்துக் காட்ட எனக்கும் தெரியவில்லை. ஆனால் அவள் கணக்கில் இன்னொருவன் இருக்கிறான். செத்தவனாயினும், பொல்லாதவனாயினும், அவன் பங்கு அவனுடையது. சில்வரின் பேரேட்டில் ஒரே பெயர்தான்.

இதையும் ஸ்டீவன்சன் சுலபமாக விட்டுவிடவில்லை. எண்ணி முடியாத பாக்கிக்கு ஈடாக ஜிம் ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொள்கிறான். புதையலின் வரைபடம் அதில்தான் இருக்கிறது.

கடைசியில் சில்வர் ஒரு மூட்டை நாணயத்தோடு ஓடிப்போகிறான். 300, 400 கினி பெறும். இவ்வளவு மலிவாகத் தொலைந்தானே என்று எல்லோருக்கும் நிம்மதி. அதையும் எங்காவது ஒரு வங்கியில் போட்டிருப்பான்.