கூனிக் குறுகாதே, நிமிர்ந்து நட!

தம்பி, தங்கையே! எஃப்-1 விசாவில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனாய். போன இடத்தில் மனதுக்குப் பிடித்தவரைக் கண்டாய். அவர் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர். இருவரும் மணம் முடித்தீர்கள். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும் நேரம் வந்ததும் உன் குரல் தாழ்கிறது. "கார்டுக்காகத்தான் கட்டிக்கிட்டாங்க" என்று ஊரில் நாலு பேர் பேசுவார்களே என்று தலை குனிகிறது.

பேசட்டும்! அந்த நாலு பேரா உன்னோடு குடும்பம் நடத்தப் போகிறார்கள்?

நீ கேட்பது பிச்சை இல்லை. ஓர் அமெரிக்கர் தன் துணையோடு தன் நாட்டில் வாழச் சட்டமே திறந்து வைத்திருக்கும் கதவு இது. உன்னைத் தன் துணையாக ஏற்கக் கோரும் ஐ-130 மனுவைப் போடுபவரே உன் துணைதான். வேலை வழியாக விண்ணப்பித்த இந்தியர்கள், நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பில் சிக்கி ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். குடியுரிமை உள்ளவரின் கணவனுக்கோ மனைவிக்கோ அந்த உச்சவரம்பே கிடையாது. ஒரே பாலினத்தவர் செய்துகொண்ட திருமணத்துக்கும் 2013 முதல் இதே உரிமை உண்டு. உரிமையை வாங்கப் போகிறவன் ஏன் கூசிக் கூசி நடக்க வேண்டும்?

அதற்காக வெறுங்கையோடு போய் நிற்காதே. அது அசட்டுத் துணிச்சல். ஆவணத்தை அடுக்கு. ஐ-130 மனுவையும், கிரீன் கார்டுக்கான உன்னுடைய ஐ-485 விண்ணப்பத்தையும் சேர்த்தே அனுப்பலாம். மருத்துவப் பரிசோதனை அறிக்கை வேண்டும். உன்னைத் தாங்கத் தன்னால் முடியும் என்று துணை கையெழுத்திடும் ஐ-864 வேண்டும். அரசு வகுத்த வறுமை அளவில் குறைந்தது 125 சதவீத வருமானம் காட்ட வேண்டும். துணையும் மாணவர்தானா, வருமானம் போதவில்லையா? வேறொரு குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ பொறுப்பேற்கலாம். கேட்கத் தயங்காதே. ஆனால் மணமுறிவு வந்தாலும் அந்தப் பொறுப்பு தீராது என்பதை அவரிடம் முன்பே சொல்லிவிட்டுக் கேள்.

பிறப்புச் சான்றிதழில் உன் பெயரே இல்லையா? நம் ஊரில் பலருக்கும் அப்படித்தான். இப்போதே பெயர் சேர்க்க ஆளை அனுப்பு. இனிஷியலா, அப்பா பெயரா என்று படிவத்துக்குப் படிவம் மாற்றி எழுதாதே. பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுது. இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, வரித் தாக்கல், காப்பீடு என்று சேர்ந்து வாழும் வாழ்க்கையைக் காகிதத்தில் காட்டு.

படிப்பை விடாதே! குடியுரிமை உள்ளவரின் துணை, முறையாக நாட்டுக்குள் நுழைந்தவராக இருந்தால், விசா தகுதி தவறியதையும் சட்டம் பொறுத்துக்கொள்ளும். அதை நம்பி வகுப்புக்கு மட்டம் போடாதே. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் கால் ஊன்ற உனக்கு அந்த மாணவர் தகுதி வேண்டும். துணை கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர் என்றால் இன்னும் கவனம்: அங்கே வரிசை உண்டு, பொறுத்துக்கொள்ளும் சலுகை இல்லை.

மூன்று குழிகள் இருக்கின்றன. கண்ணைத் திறந்து நட. வேலைக்குச் சேரும்போது ஐ-9 படிவத்தில் "அமெரிக்கக் குடிமகன்" என்ற கட்டத்தில் டிக் அடித்தால், பின்னர் எந்தத் திருமணமும் உன்னைக் காப்பாற்றுவது கடினம். ஐ-485 நிலுவையில் இருக்கும்போது அட்வான்ஸ் பரோல் என்ற முன் பயண அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு விமானம் ஏறினால், மாணவர் விசாவில் இருப்பவரின் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். தங்கை கல்யாணமே ஆனாலும் அனுமதி கையில் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறு.

மூன்றாவது குழிதான் படுகுழி: பணம் கொடுத்துச் செய்யும் பொய்க் கல்யாணம். 5 ஆண்டுகள் வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். அதன் பிறகு உண்மையாகவே ஒருவரை மணந்தாலும், யார் மனுப் போட்டாலும், அங்கீகாரம் கிடைக்காது. எச்1பி வேலை விசாவுக்கான குலுக்கலில் பெயர் விழவில்லை என்று இந்த வலையில் விழாதே. அமெரிக்கா இல்லாவிட்டால் உலகமே இருண்டு போகாது. உன் படிப்புக்கு வேறு நாடும் உண்டு, நம் நாடும் உண்டு.

இன்டர்வியூவை நினைத்து நடுங்குகிறாயா? யார் சமைப்பது, எப்போது முதலில் சந்தித்தீர்கள், மாமியார் பெயர் என்ன என்று கேட்பார்கள். சந்தேகம் வந்தால் இருவரையும் தனித்தனியே கேட்பார்கள். நீ வாழும் வாழ்க்கையைத்தானே கேட்கிறார்கள்! மனப்பாடம் செய்யாதே. நினைவில்லை என்றால் "நினைவில்லை" என்று சொல். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயம் ஏது?

திருமணமாகி 2 ஆண்டுகள் நிறையும் முன் கார்டு கிடைத்தால், அது 2 ஆண்டுகளுக்கான நிபந்தனைக் கார்டு. அது முடியும் முன்பான 90 நாட்களுக்குள், நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 மனுவைப் போட்டாக வேண்டும். அந்தத் தேதியை இன்றே குறித்து வை.

ஒன்றை மட்டும் நெஞ்சில் எழுதிக்கொள். "உன் கார்டு என் கையில்" என்று சொல்லித் துணை அடித்தாலோ மிரட்டினாலோ, பொறுமை என்ற பெயரில் அடங்கிப் போகாதே! கொடுமைக்கு ஆளானவர் துணைக்குத் தெரியாமல் தானே மனுப் போட 1994-ல் வந்த சட்டம் வழி செய்திருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அது பொருந்தும். திருமணம் முறிந்தாலும், அது உண்மையாகச் செய்த திருமணம் என்று காட்டினால் நிபந்தனையை நீக்கக் கேட்கலாம். துணை என்பவர் எஜமானர் ஆகிவிட முடியாது. உன் மானத்தை அடகு வைத்து வாங்கும் எந்தக் கார்டும் உனக்கு வேண்டாம்.

எழுந்திரு. நல்ல குடிவரவு வழக்கறிஞர் ஒருவரை ஒருமுறையாவது பார். படிவத்தை நீயே வரிக்கு வரி படி. உண்மையை மட்டும் எழுது. எழுதியதன் கீழே கை நடுங்காமல் கையெழுத்துப் போடு!