சிவப்பு சிவப்பு ஆரஞ்சு

வீட்டில் பாட்டுக் கேட்க வைத்திருக்கும் ஆம்ப்ளிஃபயரும் கிட்டார் வாசிக்கிறவர் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. முதலாவது, வந்ததை வந்தபடியே பெரிதாக்கித் தர வேண்டும். தான் இருப்பதே தெரியக்கூடாது. இரண்டாவது அப்படியில்லை. மின்கிட்டாரின் கம்பி தானாக எழுப்பும் ஓசை பக்கத்து அறைக்குக்கூட எட்டாது. நாம் கிட்டார் சத்தம் என்று காதில் வைத்திருப்பதில் பெரும்பங்கு, வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கர் தாளும் மரப்பெட்டியும் சேர்ந்து உண்டாக்குவது.

தங்கை மகளுக்கு நானே ஒன்று செய்து தருகிறேன் என்று இறங்கியபோது இதையெல்லாம் ஏட்டளவில் அறிந்திருந்தேன். பிறர் எழுதியதைத் திருத்துவது என் பிழைப்பு. திருத்தியவர் கை தெரியாததே நல்ல திருத்தம் என்று எங்கள் தொழிலில் சொல்வார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை என்று அரை அங்குல நீளம்கூட இல்லாத ஒரு ரெசிஸ்டரை முன்னால் வைத்துக்கொண்டு யோசிக்க நேர்ந்தது.

எடுத்துக்கொண்ட சர்க்யூட், ஃபெண்டர் கம்பெனி 1950-களில் விற்ற சாம்ப் என்ற சின்ன ஆம்ப்ளிஃபயருடையது, 5எஃப்1 மாதிரி. மூன்றே வால்வுகள். சிக்னலைத் தூக்கிவிட 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை ஓட்ட 6வி6, ஏசியை டிசியாக்க 5ஒய்3. ஏறக்குறைய 5 வாட், 8 அங்குல ஸ்பீக்கர், திருக ஒரே ஒரு வால்யூம் குமிழ். இதன் பின்னால் இருந்த லியோ ஃபெண்டர், கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் 1938-இல் ரேடியோ ரிப்பேர் கடை போட்டவர். உலகம் முழுக்கக் கிட்டார்க்காரர்கள் பெயர் சொல்லும் அந்த மனிதருக்குக் கடைசிவரை கிட்டார் வாசிக்கத் தெரியாது. எனக்கும் தெரியாது என்பதால் அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

ரிச்சி தெருவில் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் வாங்கினேன். வால்வு ரேடியோக் காலத்து மனிதர் ஒருவர் டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிக் கொடுத்தார். சால்டரிங் வேலை பொறுமை கேட்கிறதே தவிர அறிவை அவ்வளவாகக் கேட்பதில்லை. பயம் மட்டும் அவசியம். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் அதைப் பிடித்துவைத்திருக்கும். ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மறுகையால் மட்டும் தொடு என்று பழைய ரேடியோ மெக்கானிக்குகள் சொன்னது, மின்சாரம் நெஞ்சுக்குக் குறுக்கே பாயாமல் இருக்கத்தான்.

பெட்டிக்குத் தெருமுனை ஆசாரியிடம் போனேன். பைன் பலகை வேண்டும் என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அது மெஷின் பேக் பண்ணி வர்ற கட்டை சார். தேக்குல பண்ணினா உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும்."

"நின்னா மட்டும் போதாதுண்ணே, வாசிக்கும்போது கொஞ்சம் அதிரணும்."

அவர் ஒன்றும் பேசவில்லை. அடுக்கியிருந்த பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, மேல்முனையை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, முட்டியால் தட்டிக் காதைக் கொடுத்தார். கணு விழுந்த பலகை மொத்தென்றது, அதை ஒதுக்கினார். நீளமாக முனகிய பலகைகளைத் தனியே வைத்தார். "வீணைக்குப் பலா பாக்குற மாதிரி பாக்கணும்னு மொதல்லயே சொல்லக்கூடாதா?" என்றார். அதற்குப் பிறகு வேலை அவருடையதாகிவிட்டது. முக்கால் அங்குலப் பலகைகளின் முனைகளைப் பல்பல்லாக அறுத்து, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து, பெவிகால் போட்டு இறுக்கினார். ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. ஸ்பீக்கரைத் தாங்கும் முன்பலகை மட்டும் மெல்லிய பிளைவுட். பின்பக்கம் பாதி திறந்தே இருக்கும். ஸ்பீக்கரின் முதுகிலிருந்து வரும் ஓசையும் சுவரில் பட்டு அறைக்குள் திரும்பும். ஆசாரி தேர்ந்தெடுத்த பலகைகளும் இப்போது அவள் வாசிப்பில் ஒரு பகுதி. அவருக்குக் கிட்டார் எப்படி இருக்கும் என்று தெரியுமா என்பதே சந்தேகம்.

இனி அந்த ரெசிஸ்டர். சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சுக் கோடுகள். 22 கிலோ ஓம். ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலில் ஒரு துளியை எடுத்து, முன்னால் இருக்கும் வால்வுக்கு எதிர்த்திசையில் கொண்டுபோய்க் கொடுக்கிறது. உள்ளே வந்ததிலிருந்து வெளியே போவது எங்கெல்லாம் விலகுகிறதோ அங்கெல்லாம் சர்க்யூட் தன்னைத்தானே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. நெகட்டிவ் ஃபீட்பேக் என்ற இந்த யோசனை, பெல் ஆய்வகப் பொறியாளர் ஹரால்ட் பிளாக்குக்கு 1927 ஆகஸ்ட் 2-ஆம் தேதி காலை, வேலைக்குப் போக ஹட்சன் ஆற்றைப் படகில் கடக்கும்போது தோன்றியது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் தாளிலேயே படம் வரைந்துகொண்டார். அவருடைய கவலை தொலைதூரத் தொலைபேசி. வழிநெடுக ஆம்ப்ளிஃபயர்கள்; ஒவ்வொன்றும் குரலைச் சிறிது கெடுக்கும்; எல்லாம் சேர்ந்து கடைசியில் பேசுவது யாரென்றே தெரியாது. பெருக்கும் வலிமையில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் சுத்தம் கிடைக்கும் என்பதுதான் அவர் கண்டது.

ரெசிஸ்டரின் வழியில் நான் ஒரு ஸ்விட்சை வைத்தேன். கிட்டாரைச் செருகி, வால்யூமைப் பாதியில் நிறுத்தி, அவள் தடித்த கம்பியை மீட்டினாள். ஓசை உருண்டு திரண்டு வந்தது. ஸ்விட்சைத் தட்டித் திருத்தத்தை நிறுத்தினேன். அதே விரல், அதே கம்பி. சத்தம் முன்னே பாய்ந்தது. மீட்டிய நொடியில் ஒரு சொரசொரப்பு, அது தேய்ந்து தேய்ந்து இனிமையாக முடிந்தது. மெல்லத் தொட்டால் மெல்லவும், ஓங்கி அடித்தால் கரகரத்தும் பேசியது.

"மாமா, இப்பத்தான் நான் அடிக்கிறது எனக்குத் தெரியுது" என்றாள்.

சுத்தமான ஓசைக்காகவே ஃபெண்டர் பாடுபட்டார். வாசித்தவர்களோ குமிழைக் கடைசிவரை திருகி, வால்வு திணறும் இடத்தில் தங்கள் குரலைக் கண்டார்கள். 1964-இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் ஸ்பீக்கர் தாளைப் பிளேடால் கீறிவிட்டு 'யூ ரியலி காட் மீ' பாட்டுக்கு வாசித்தார். இதையெல்லாம் வைத்து, திருத்தமே வேண்டாம் என்று முடிவுகட்ட நான் தயாரில்லை. பிளாக் சொன்னது பொய்யல்ல. பல கைகள் மாறிப் போகவேண்டிய சொல்லுக்கு, மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் தாளுக்கு, புயல் எச்சரிக்கைக்கு எவ்வளவு திருத்தம் செய்தாலும் தகும். விரலுக்கும் காதுக்கும் நடுவே ஒரே ஒரு பெட்டி இருக்கும் இடத்தில் கணக்கு வேறு.

இப்போது என் மேசையில் தூத்துக்குடி உப்பளத்தில் ஆயுளைக் கழித்த ஒரு பெண்ணின் தன்வரலாறு இருக்கிறது. வாக்கியத்துக்கு வாக்கியம் 'பொறவு' என்று ஆரம்பிக்கிறார். எடுத்துவிட்டால் பக்கம் சுத்தமாகும். கூடவே மூச்சு வாங்கி மூச்சு வாங்கிச் சொல்லும் அந்த நடையும் போய்விடும். எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டால் நான் ஒதுங்கிக்கொண்டதாகச் சொல்லலாமா? முடியாது. ஸ்விட்சை அணைத்த பிறகும் பைனும் டிரான்ஸ்ஃபார்மரும் அந்த ஓசையில் இருக்கத்தான் செய்தன. அத்தியாயம் எங்கே முடிகிறது, எந்தச் சொல்லுக்குக் குறிப்பு போடுகிறோம், எந்த எழுத்துருவில் அச்சிடுகிறோம் என்பதெல்லாம் என் பலகைகள். பின்னால் நிற்கிறவருக்கு நிறமில்லை என்பதை நான் நம்பவில்லை. எந்தப் பலகை என்று தட்டிப் பார்த்து எடுக்கும் பொறுப்பு அவருக்கு உண்டு.

அந்தக் காலத்து ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றைத் திறந்தால், உள்ளே ஒட்டிய மாஸ்கிங் டேப்பில் ஒயரிங் செய்த பெண்ணின் பெயர் பேனாவில் எழுதியிருக்கும். மேடையில் யாரும் பார்க்கப்போவதில்லை. பிரித்துப் பழுதுபார்க்கிறவர் மட்டும் படிப்பார். பெட்டியின் உட்பக்கம் வால்வுகளின் இடத்தைக் காட்டும் தாளும் ஒட்டியிருக்கும். நானும் ஒரு தாள் ஒட்டினேன். எந்த வால்வு எங்கே, ஃபியூஸ் என்ன அளவு, கெப்பாசிட்டரை எப்படி வடிப்பது, மீட்டரில் பூஜ்ஜியம் பார்க்காமல் ஏன் கை வைக்கக்கூடாது என்றெல்லாம் எழுதி, ஆசாரியின் பெயரையும் போட்டேன். 22 கிலோ ஓம் இருக்கும் இடத்தைக் குறித்து, அதைவிடக் கூடுதலாகப் போட்டால் திருத்தம் குறையும் என்றும் எழுதிவைத்தேன்.

அவள் இப்போது கோவையில் படிக்கிறாள்; ஆம்ப்ளிஃபயரும் அங்கேதான். போன வாரம் போனில், "மாமா, 47 போட்டுப் பாக்கட்டுமா?" என்றாள். மீட்டர் கையில் இருக்கிறதா என்று கேட்டேன்.