விருந்தோம்பலும் நடுவுநிலையும்

திருவள்ளுவர் விருந்தோம்பலை 9-ஆம் அதிகாரத்திலும் நடுவுநிலைமையை 12-ஆம் அதிகாரத்திலும் வைத்துள்ளார். இரண்டும் இல்லறவியலைச் சார்ந்தவை. வந்தவரை ஏற்பதும், வேண்டியவர் வேண்டாதவர் என்று பாராது நிற்பதும் ஒரு வீட்டுக்கு மட்டும் உரிய அறங்கள் அல்ல. நாடு என்னும் பெரிய வீட்டுக்கும் உரியவை. உலக நாடுகளை ஒருங்கே அழைத்து ஒரு நாடு விளையாட்டு விழா எடுக்கும்போது, இவ்விரண்டு அறங்களும் ஒரே வாயிலில் சோதிக்கப்படுகின்றன. அந்த வாயிலுக்கு இக்காலம் இட்டிருக்கும் பெயர் விசா.

விளையாட்டு விழா என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் வீரர்களே. ஆயினும், நடுவர், பயிற்சியாளர், அணி மேலாளர், மருத்துவர், விளையாட்டுக் கூட்டமைப்பின் பொறுப்பாளர் ஆகியோர் இன்றி எந்தப் போட்டியும் நடைபெறாது. புகழ்பெற்ற வீரர் ஒருவருக்கு விசா மறுக்கப்பட்டால் உலகமே பேசுகிறது. நடுவர் ஒருவருக்கு மறுக்கப்பட்டாலோ, பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டு வேறொரு பெயர் எழுதப்படுகிறது. ஆட்டம் குறித்த நேரத்தில் தொடங்கிவிடுகிறது. இழப்பு கண்ணுக்குத் தெரியாததனால் அநீதியும் தெரியாமற் போகிறது. விழா எடுக்க முன்வந்த நாடு, விழாவுக்குரிய அலுவலரை அவர் பிறந்த நாட்டைப் பார்த்துத் தடுப்பது முறையாகுமா? இதுவே நாம் ஆராய வேண்டிய வினா.

எல்லையைக் காப்பது அரசின் உரிமை என்பதில் ஐயமில்லை. 2020-இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது நாடுகள் தம் எல்லைகளை மூடின. அதனால் பன்னாட்டு கிரிக்கெட் மன்றம், டெஸ்ட் ஆட்டங்களுக்கு வேற்று நாட்டு நடுவர்களே வேண்டும் என்னும் விதியைத் தளர்த்தி, உள்நாட்டு நடுவர்களை அனுமதித்தது. 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக இந்தியா ஆடியபோது களத்தில் நின்ற நடுவர்கள் இந்தியர்களே. இதனால் குறை நேரக்கூடும் என்று கருதி, நடுவர் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கோரும் வாய்ப்பு, அணிக்கு ஓர் இன்னிங்ஸில் ஒன்று கூட்டித் தரப்பட்டது. அந்தத் தடை நோயைப் பார்த்ததேயன்றி ஒருவரின் நாட்டைப் பார்க்கவில்லை. அதன் குறையை ஈடு செய்யவும் வழி காணப்பட்டது. இத்தகைய தடையை அறம் பழிக்காது. அழைத்துவிட்டு, அழைத்தவருள் சிலரை மட்டும் வாயிலில் நிறுத்துவதே சிந்தனைக்குரியது.

1962-இல் ஜகார்த்தாவில் நடந்த நான்காம் ஆசிய விளையாட்டு விழா இதற்குத் தக்க சான்றாகும். இஸ்ரேல், தைவான் ஆகிய நாடுகளின் குழுவினர் உள்ளே வருவதற்கு இந்தோனேசிய அரசு இடந்தரவில்லை. இதனைக் கண்டித்துக் குரல் எழுப்பியவர் ஓர் இந்தியர். 1951-இல் தில்லியில் முதல் ஆசிய விளையாட்டு விழா நடைபெறக் காரணமாயிருந்தவர்களுள் முதன்மையான குரு தத் சோந்தி. ஆசிய நாடுகள் சிலவற்றை விலக்கிய விழாவுக்கு ஆசிய விளையாட்டு என்னும் பெயர் பொருந்தாது என்பது அவர் வாதம். செப்டம்பர் 3-ஆம் நாள் இந்தியத் தூதரகம் கூட்டத்தினரால் தாக்கப்பட்டது; சோந்தி ஜகார்த்தாவை விட்டு வெளியேற நேர்ந்தது. மறுநாள் நம் கால்பந்து அணி, பகைமை பொங்கிய அரங்கில் ஆடித் தென்கொரியாவை 2-1 என வென்று தங்கம் பெற்றது. 1963-இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு இந்தோனேசியாவை இடைநீக்கம் செய்தது.

இங்கு ஒன்றை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இஸ்ரேலுடன் அன்று நமக்கு முழுமையான தூதரக உறவு இல்லை. தைவானை நாம் நாடாகவே ஏற்கவில்லை. அவ்விரு குழுக்களுக்காகப் பேசியதால் சோந்திக்கோ நம் நாட்டுக்கோ எந்த ஆதாயமும் இல்லை. ஆதாயமில்லாத இடத்திலும் பேச வைப்பதன்றோ நடுவுநிலை!

இதனை மறுத்து ஒருவர் வினவலாம்: “தென்னாப்பிரிக்காவை உலக நாடுகள் விலக்கி வைக்கவில்லையா? நம் நாடும் அவ்வாறு செய்து பெருமை கொள்ளவில்லையா?” தக்க வினாவே. 1974-இல் டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றில் தென்னாப்பிரிக்காவை எதிர்கொள்ள வேண்டிய நிலை நமக்கு வந்தது. நிறவெறியை எதிர்த்து நம் நாடு ஆட மறுத்தது. சென்னை மண்ணின் மைந்தர்களான விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் இடம்பெற்ற அணி, ஆடாமலே கோப்பையை இழந்தது. ஜகார்த்தாவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு யாது? அங்கே விழா எடுத்த நாடு விழாவின் பெருமையைத் தான் வைத்துக்கொண்டு, இழப்பை விருந்தினர் தலையில் சுமத்தியது. இங்கே மறுத்த நாடு இழப்பையும் தானே ஏற்றது. விலக்கு அறமா அன்றா என்பதை அறிய, அதன் விலையை யார் கொடுக்கிறார் என்று கேட்டாலே போதும்.

இவ்வளவுகோலை நம் வீட்டுக்கும் பொருத்திப் பார்ப்பதே நேர்மை. 2019 பிப்ரவரியில் புல்வாமாவில் நம் வீரர்கள் 40 பேர் உயிரிழந்தனர். நாடே துயரில் ஆழ்ந்திருந்த அவ்வேளையில், தில்லியில் நடந்த உலகக் கோப்பைத் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் பாகிஸ்தான் குழுவினர்க்கு விசா கிடைக்கவில்லை. துயரம் நியாயமானதே. ஆனால் பன்னாட்டு ஒலிம்பிக் குழு, 25 மீட்டர் விரைவுச் சுடுதல் பிரிவின் ஒலிம்பிக் தகுதியிடங்களை நீக்கிவிட்டது. அப்பிரிவில் சுட வந்த மற்ற நாட்டவரும் அவ்வாய்ப்பை இழந்தனர். நம் துயரத்தின் விலையை, அத்துயரத்தில் பங்கில்லாதவர் கொடுத்தனர். அதே ஆண்டு ஜூன் மாதம் நம் அரசு எழுத்து வடிவில் உறுதியளித்த பின்னரே அச்சிக்கல் தீர்ந்தது.

அலுவலகக் கோப்புகளோடு காலங்கழிக்கும் நம் போன்றோர் நன்கறிந்த உண்மை ஒன்று உண்டு. எந்த ஆணையிலும் விதியைக் காட்டிலும் விதிவிலக்கையே கூர்ந்து படிக்க வேண்டும். 2025 ஜூன் மாதம் அமெரிக்கா 12 நாட்டவர்க்கு முழுத்தடை விதித்தது. உலகக் கோப்பை, ஒலிம்பிக் போன்ற பெரும் போட்டிகளுக்கு வரும் அணியினர், பயிற்சியாளர், இன்றியமையாத துணைப்பணி புரிவோர், நெருங்கிய உறவினர் ஆகியோர்க்கு மட்டும் விலக்கு அளித்தது. தடைக்குள்ளான நாடுகளுள் ஈரானும் ஒன்று. 2025 டிசம்பரில் வாஷிங்டனில் நடந்த உலகக் கோப்பைக் குலுக்கலுக்கு அந்நாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவருக்கு விசா மறுக்கப்பட்டது. இன்றியமையாதவர் யார் என்று முடிவு செய்வது விளையாட்டு அறிந்தவர் அல்லர். மேசைக்குப் பின்னால் இருப்பவர். நடுவரின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. எந்த அணியையும் சேராதிருப்பதே அவருடைய தகுதி. அணியை அளவாகக் கொண்டு எழுதிய விலக்கில் அவர் எங்கே நிற்பார்?

1986-இல் லாகூரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் மோதிய டெஸ்டில், பொது நடுவர்களாக அழைக்கப்பட்டவர்கள் வி. கே. ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர் என்னும் இரு இந்தியர்கள். 2015 அக்டோபரிலோ, இந்தியா–தென்னாப்பிரிக்கா தொடரில் பணியாற்றிய பாகிஸ்தான் நடுவர் அலீம் தார், மும்பையில் எழுந்த எதிர்ப்புக்குப் பின் எஞ்சிய ஆட்டங்களிலிருந்து திரும்பப் பெறப்பட்டார். சென்னை ஆட்டமும் அவற்றுள் ஒன்று. விசா பெற்று உள்ளே வந்தவருக்கும் வாயில் மீண்டும் ஒருமுறை அடைபட்டது. களத்தில் இறங்கும்போது ‘உன் நாட்டை மறந்துவிடு’ என்று நடுவரிடம் கேட்கிறோம். அவரும் மறக்கிறார். நாம் மட்டும் அதை மறக்க மறுக்கிறோம்.

பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நமக்கு இது வேற்றுச் செய்தி அன்று. செய்யும் வேலையைக் கொண்டு மதிக்கப்படாமல், பெயரையும் பேச்சையும் கொண்டு அளக்கப்படுவது எத்தகைய துன்பம் என்பதை நம்மில் பலர் அறிவோம். ஆதலின் நம் வழக்கு இதுவே: கதவை அடைக்க விரும்பும் நாடு அடைக்கட்டும், ஆனால் விழாவையும் விட்டுக் கொடுக்கட்டும். விழா வேண்டுமெனில், பந்தாடுபவனுக்குத் திறக்கும் கதவு, அவன் ஆட்டத்தை நடுநின்று நோக்குபவனுக்கும் திறக்கட்டும். நடுவரை வாயிலில் நிறுத்திவிட்டு நடக்கும் ஆட்டத்தில் வெற்றி இருக்கலாம், நடுவுநிலை இராது.