இறங்கிய மலையில் ஏறியாக வேண்டும்

ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் சா கலோப்ரா என்றொரு மலைச்சாலை. அன்டோனியோ பரியெட்டி என்ற பொறியாளர் வடிவமைத்தது, 1932-இல் உருவானது. நீளம் சுமார் 9.5 கிலோமீட்டர், சராசரிச் சரிவு 7 சதவீதம். ஓரிடத்தில் சாலை வட்டமடித்துத் தன் அடியிலேயே புகுந்து போகிறது.

மற்ற மலைகளில் ஏறிய பிறகு இறக்கம். இங்கே முதலில் இறக்கம். கடலோரத்தோடு சாலை முடிந்துவிடும். படகில் திரும்பாத சைக்கிள்காரர் வந்த வழியே மிதித்து ஏற வேண்டியதுதான்.

இத்தகைய மலைகளுக்கு வழிகாட்டியோடு போகும் சைக்கிள் சுற்றுலாவில் பாதையை வழிகாட்டி பார்த்துக்கொள்வார், பெட்டியைப் பெரும்பாலும் வேன் சுமக்கும். மூச்சும் காலும் மட்டும் அவரவருடையவை. அவற்றை ஊரிலேயே தயார் செய்ய வேண்டும். ஒருநாள் நெடுந்தூரம் மிதிப்பதைவிட, அடுத்தடுத்த நாட்களில் மிதித்துப் பழகுவது மேல்; சுற்றுலா கேட்பது அதைத்தான். மலையில்லாத ஊர்க்காரர்களுக்கு எதிர்காற்று நல்ல ஆசான்.

இறக்கத்துக்கும் பயிற்சி தேவை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கொண்டை ஊசி வளைவுக்குள் நுழையும் முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். வளையும்போது வெளிப்பக்கப் பெடல் கீழே, உட்பக்கப் பெடல் மேலே, பார்வை வளைவின் முடிவில். இது கைவந்தால்தான் பள்ளத்தாக்கின் அழகை அச்சமில்லாமல் ரசிக்க முடியும்.

இன்னொன்று: பயணத்துக்கென்று புது இருக்கை வாங்காதீர்கள். உடம்புக்குப் பழகிய இருக்கையைக் கழற்றி எடுத்துச் செல்லுங்கள். வாடகை சைக்கிளில் மாட்டித் தரச் சொல்லி முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.